கும்மிடிப்பூண்டி–தடா பட்டையில் அலோஹா: வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

ஆலைக்குள் விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற ஆன்சைட் எமர்ஜென்சி பிளானை எழுதும் யாரும் ஒரு கட்டத்தில் 'வட்டம்' போட்டே ஆக வேண்டும். குளோரின் கசிந்தால் எவ்வளவு தூரம் போகும், எந்த ஊரை எழுப்ப வேண்டும் என்கிற வட்டம். கன்சல்டன்ட் பைண்டு பண்ணிக் கொண்டுவந்து வைக்கும் அந்தப் படம் பெரும்பாலும் அலோஹாவில் போட்டதாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வும் கடல்-வானிலை அமைப்பான நோவாவும் சேர்ந்து தரும் இலவச மென்பொருள் அது. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும்; இணையம் வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொடங்கி ஆரம்பாக்கம், எல்லை தாண்டித் தடா, ஸ்ரீசிட்டி வரை உள்ள ஆலைகளுக்கு இதை வைத்து வேலை செய்பவர்களுக்காக இந்தப் பதிவு. கணக்குப் போடுவதில் அலோஹா கெட்டிக்காரன். நாம் உள்ளே கொடுக்கும் எண்ணில்தான் எல்லாம் சறுக்குகிறது.

முதல் எண் ஸ்டாக். 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளில் குளோரினுக்கு இரண்டு வரம்பு உண்டு: 10 டன், 25 டன். டன்னர் (குளோரின் வரும் பெரிய சிலிண்டர்) ஒன்றில் 900 கிலோ என்று வைத்துக்கொண்டால் 11 டன்னர் 9.9 டன், 12ஆவது வந்து இறங்கியதும் 10.8. அதோடு ஆலை பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் சைட் நோட்டிஃபிகேஷன், ஆன்சைட் பிளான் எல்லாம் கட்டாயமாகிவிடும். 28ஆவது டன்னரில் 25.2. அங்கிருந்து சேஃப்டி ரிப்போர்ட்டும், வெளி நிபுணரை வைத்து வருஷா வருஷம் சேஃப்டி ஆடிட்டும் சேர்ந்துகொள்ளும். ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரிலோ மாதச் சராசரிதான் இருக்கும். பொங்கல் விடுமுறைக்கு முன்னால் சேர்த்து வாங்கிப் போட்ட ஒரு வாரம் அந்தச் சராசரியில் மறைந்து போகும். விதி பார்ப்பது உச்ச அளவை. தனித்தனி ஷெட்டில் வைத்திருக்கிறோம் என்ற சமாதானமும் எடுபடாது: ஒரே நிர்வாகத்தின் கிடங்குகள் 500 மீட்டருக்குள் இருந்தால் கூட்டித்தான் கணக்கு. ஆகவே அலோஹாவைத் திறக்கும் முன்பு கேட் பாஸ் புத்தகத்தை எடுத்து, கடந்த ஒரு வருஷத்தில் ஒரே நாளில் உள்ளே இருந்த அதிகபட்ச டன்னர் எண்ணிக்கையைப் பாருங்கள். வேலையில் பாதி அதுதான்.

இனி திரைக்கு வரலாம். அலோஹாவின் ஊர்ப் பட்டியலில் அமெரிக்க ஊர்களே நிறைந்திருக்கும். கும்மிடிப்பூண்டியை நாம்தான் சேர்க்க வேண்டும். தோராயமாக அட்சரேகை 13.4 வடக்கு, தீர்க்கரேகை 80.1 கிழக்கு. தீர்க்கரேகையில் மேற்கை அப்படியே விட்டுவிடுவது வழக்கமான தப்பு. அதோடு ஐந்தரை மணி நேர வித்தியாசமும் பிசகினால் சூரியன் இருக்கும் இடம் மாறிவிடும். சூரியனின் உயரத்தையும் காற்று வேகத்தையும் மேகத்தையும் வைத்துத்தான் காற்று எவ்வளவு கலங்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. பகல் இரவாகிவிட்டால் வட்டம் ஒன்றுக்குப் பல மடங்கு மாறும். கடிகாரமும் அப்படித்தான். பகல் 11 மணிக்கு உட்கார்ந்து, லேப்டாப் நேரத்தையே விட்டுவிட்டு, இரவுக்கான, காற்று கலங்காமல் அடங்கிக் கிடக்கும் 'எஃப்' நிலையைத் தேர்ந்தால் பொருந்தவில்லை என்று எச்சரிக்கும். அதை ஓகே கொடுத்துத் தாண்டாமல் நேரத்தை இரவு 2 மணி என்று கையால் போடுங்கள்.

காற்றுத் திசை எங்கிருந்து வீசுகிறது என்பதைக் கேட்கிறது, எங்கே போகிறது என்பதை அல்ல. இந்தப் பட்டையில் பிற்பகலில் பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து கடல்காற்று ஏறும். இரவில் நிலக்காற்று எதிர்த்திசையில் திரும்பும். ஒரே படத்தோடு பிளானை முடித்தால் பாதி நாள் அது பொய். குறைந்தது இரண்டு போட வேண்டும்: பகலுக்கு வினாடிக்கு 5 மீட்டர், நடுத்தரமாகக் கலங்கும் 'டி' நிலை, இரவுக்கு 1.5 மீட்டர், 'எஃப்' நிலை. தரை வகையில் 'நகரம் அல்லது காடு' என்று போட்டால் வட்டம் சுருங்கும். சிப்காட் மதிலுக்கு வெளியே வயலும் முள்காடும் இருக்கும் இடத்துக்கு 'திறந்த வெளி'தான் நேர்மையான தேர்வு.

அடுத்து டன்னர். 'டேங்க்', கிடைமட்ட சிலிண்டர் என்று தேர்ந்ததும் விட்டம், நீளம், கொள்ளளவு மூன்றையும் கேட்கும்; இரண்டைக் கொடுத்தால் மூன்றாவதை அதுவே போட்டுக்கொள்ளும். டேப் வைத்து வெளியே அளந்த நீளத்தைப் போடுவதுதான் சாதாரணமாக நடக்கும் தப்பு. 0.76 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீளம் என்று போட்டால் கொள்ளளவு சுமார் 907 லிட்டர் வந்துவிடும். டன்னரின் உண்மையான கொள்ளளவு அதைவிட நன்றாகவே குறைவு. விளிம்பு வளையமும் உள்ளே குவிந்த முகப்பும் டேப்புக்குத் தெரியாதே. விட்டத்தோடு, டன்னரின் மேல் குத்தியிருக்கும் நீர்க் கொள்ளளவைக் கொடுங்கள். நீளத்தை அது பார்த்துக்கொள்ளட்டும். கொள்ளளவு தப்பானால் உள்ளே திரவ மட்டம் இறங்கிவிடும். ஓட்டை திரவத்துக்கு மேலே இருக்கிறதா கீழேயா என்பதே மாறிப் போகும்.

அங்கேதான் எல்லாம் இருக்கிறது. டன்னரின் இரண்டு வால்வும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கும்படி வைத்தால் மேல் வால்வில் வாயு, கீழ் வால்வில் திரவம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 450 லிட்டருக்கு மேல் வாயு. அதனால்தான் கசிவு வந்தால் முதல் வேலை, முடிந்தால் கசியும் இடம் மேலே வரும்படி டன்னரை உருட்டுவது. அலோஹாவில் ஓட்டை உயரத்தை மட்டும் மாற்றி இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள்: அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று. அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆபரேட்டர்களுக்குக் காட்டினால் ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு மிச்சம். கசிவின் மேல் தண்ணீர் பீய்ச்சக் கூடாது என்பதையும் அதே கையோடு சொல்லிவிடலாம்: ஈரக் குளோரின் உலோகத்தை அரிக்கும், ஓட்டை பெரிதாகும்.

எல்லைக்கோடு எதில் வைப்பது? பொதுமக்களுக்கு எந்த அளவில் என்ன பாதிப்பு என்று மூன்று படியாகச் சொல்லும் ஏ.இ.ஜி.எல். எண்களில் குளோரினுக்கு ஒரு மணி நேர மதிப்பு 0.5, 2, 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). மக்களை வெளியேற்றுவதற்கு நடுவில் உள்ள 2 பி.பி.எம். கோடே போதும். அதில் வட்டம் பெரிதாகத் தெரிகிறது என்று, உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்த 10 பி.பி.எம். ஐ.டி.எல்.எச்.சில் மட்டும் படம் போட்டுத் தருகிற பிளான்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த எண் தொழிலாளி மாஸ்க் தேர்வு செய்வதற்காக வந்தது. மதிலுக்கு வெளியே இருக்கும் கைக்குழந்தைக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் அதை வைப்பது தப்பு.

அலோஹாவில் குறைகள் இல்லாமல் இல்லை. 10 கிலோமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு மேல் அது பேசாது. காற்று வினாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் எண்ணையே வாங்காது. மார்கழி விடியலில் இங்கே நிலைமை பெரும்பாலும் அதுதான். மேடு பள்ளம், கட்டடச் சந்து, நடுவில் திசை மாறும் கடல்காற்று எதுவும் அதற்குத் தெரியாது. கலவைகளும், அமோனியாக் கரைசல் போன்ற ஒரு சில நீர்க்கரைசல்களைத் தவிர, கிடையாது. முக்கியமாக, டேங்குக்குள் நடக்கும் வேதிவினையை அது கணக்கிடாது. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் டேங்க் தானாகச் சூடேறி வெளியே தள்ளியதே, அந்த மாதிரி விபத்தை 'ஓட்டை வழியாகக் கசிவு' என்று போட்டால் விடை வரும், ஆனால் அது வேறொரு விபத்தின் விடை.

அலோஹாவோடு கூடவே வரும் மற்ற மூன்று மென்பொருளில், ரசாயனத் தகவல் தொகுப்பான கேமியோ கெமிக்கல்ஸ் தங்கம். இரண்டு பொருளைச் சேர்த்தால் என்ன வரும் என்று கேட்கலாம். ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரே பண்டுக்குள் (கசிவைத் தேக்கும் தடுப்புச் சுவர்) நிற்கும் ஆலைகளுக்கு அந்த ஒரு பக்கம் போதும். மார்ப்லாட் வரைபடம் நன்றாக வரும். ஆனால் அதிலுள்ள மக்கள்தொகை எண்ணிக்கை வசதி அமெரிக்காவுக்கு மட்டும். இங்கே பஞ்சாயத்து வாரியாகத் தலையை நாம்தான் எண்ண வேண்டும். டேட்டா மேனேஜர், அங்கே ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் கொடுக்கும், ரசாயன இருப்பைச் சொல்லும் டியர் டூ அறிக்கைக்காகச் செய்தது. நம் படிவத்துக்குப் பொருந்தாது, எக்செல் போதும்.

எல்லையோர ஆலைகளுக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு. மதிலுக்கு வெளியே உள்ளவர்களுக்கான ஆஃப்சைட் பிளான் அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆரம்பாக்கம் பக்கத்தில் போட்ட இரவு வட்டம் தடாவைத் தொடும்போது திருவள்ளூர், திருப்பதி என்று இரண்டு மாவட்டம், இரண்டு மாநிலம். இங்கே கொடுத்த ஃபைல் தானாக அங்கே போகாது. படத்தை இரண்டு கலெக்டர் அலுவலகத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்து அக்னாலட்ஜ்மென்ட் வாங்கி வைப்பதுதான் நடைமுறையில் வேலை செய்கிறது. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து ஊருக்குச் சொல்ல 48 நிமிஷம்கூட அதிகம்.

மாக் டிரில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அலோஹா படத்தை வைத்து டிரில்லை நடத்தினால் மூன்று விஷயம் உடனே வெளிப்படும்: அசெம்பிளி பாயிண்ட் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பிற்பகல் காற்றுக்குக் கீழே, அறிவிப்பு தமிழில் மட்டும், லோடிங்கில் நிற்பவர்களுக்குத் தெலுங்கும் இந்தியும்தான் தெரியும், போன் பட்டியலில் பாதிப் பேர் டிரான்ஸ்ஃபராகிப் போய்விட்டார்கள். எதிரெதிர்த் திசையில் இரண்டு அசெம்பிளி பாயிண்ட், செக்யூரிட்டி கேபினிலிருந்து தெரியும்படி காற்றுப் பை, மூன்று மொழியில் பதிவு செய்த அறிவிப்பு. பகல் படம், இரவுப் படம் இரண்டையும் லேமினேட் பண்ணி கேட்டிலேயே ஒட்டுங்கள். மூலையில் தேதியும், எத்தனை டன்னருக்குப் போட்டது என்பதும் இருக்கட்டும். அதைவிட ஒரு டன்னர் கூடுதலாக உள்ளே வந்தால் படத்தைக் கிழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான்.