விக்கிடேட்டாவா, சொந்த விக்கிபேஸா: சின்ன சேகரிப்புக்கு எது தாங்கும்?

பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகையெல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கற குழுக்கள் பலதும் கடைசில வந்து நிக்கற இடம் ஒண்ணுதான். ஸ்கேன் இருக்கும், எக்செல்ல ஒரு பட்டியல் இருக்கும், அதுல ஆசிரியர், பதிப்பகம், அச்சகம், ஊர் எல்லாம் வெறும் எழுத்தா கெடக்கும். அத லிங்க்டு ஓப்பன் டேட்டாவா மாத்தணும், அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் ஊருக்கும் ஒரு நிலையான யூஆர்ஐ (மாறாத இணைய அடையாள முகவரி) குடுத்து மத்த நூலகங்களோட டேட்டாவோட கோத்து விடணும்னு முடிவு பண்ணதும் கேள்வி வரும்: விக்கிப்பீடியா நடத்தறவங்களோட பொது டேட்டா களஞ்சியமான விக்கிடேட்டாலயே போய் போடறதா, அதே சாஃப்ட்வேர சொந்த சர்வர்ல ஏத்தி தனி விக்கிபேஸ் நடத்தறதா, இல்ல சேகரிப்ப இணையத்துல காட்டற ஓமெக்கா எஸ்ங்கற சாஃப்ட்வேர் போதுமா. நாங்க விக்கிடேட்டா பக்கம் போனோம், அதனால இதுல என் சாய்வு இருக்கும், தெரிஞ்சே படிங்க.

தெரிஞ்ச விஷயத்த சட்டுனு தாண்டிடறேன். விக்கிடேட்டா 2012 அக்டோபர்ல ஆரம்பிச்சது, பத்து கோடிக்கு மேல உருப்படி (ஆள், ஊர், புத்தகம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதிவு) இருக்கு, உள்ள இருக்கற டேட்டா சிசி ஜீரோ, யாரு வேணா எடுத்து எதுக்கு வேணா பயன்படுத்தலாம். விக்கிபேஸ்ங்கறது அதுக்கு அடில ஓடற சாஃப்ட்வேர், நாமளும் இறக்கி ஓட்டலாம். ரெண்டுலயும் உருப்படிக்கு க்யூ நம்பர், பொறந்த தேதி மாதிரி பண்புக்கு பி நம்பர், ரெண்டுலயும் ஸ்பார்க்கிள்ங்கற வினவல் மொழில கேள்வி கேக்கலாம். ரெண்டுக்கும் லைசன்ஸ் காசு கெடையாது. இது வரைக்கும் சமம்.

எதுக்கு இந்த யூஆர்ஐ வம்புன்னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு உதாரணம். பட்டியல்ல "ரா. கிருஷ்ணமூர்த்தி"ன்னு ஒரு பேரு. அது 1899ல பொறந்து 1954ல காலமான கல்கியா, இல்ல தினமலர் ஆசிரியரா இருந்து சங்க கால நாணயங்கள் பத்தி எழுதின இரா. கிருஷ்ணமூர்த்தியா? புத்தகத்த கைல வெச்சிருக்கற ஆளுக்கு இது கேள்வியே இல்ல, ஆனா எக்செல்லுக்கு ரெண்டும் ஒண்ணு. சரி, "கல்கி"ன்னே போட்டுடலாம்னா ஓப்பன்ரீஃபைன்ங்கற டேட்டா சுத்தம் பண்ற டூல்ல ரீகன்சைல் பண்ணும்போது (பேர விக்கிடேட்டா உருப்படியோட பொருத்தும்போது) எழுத்தாளர், 1941ல ஆரம்பிச்ச பத்திரிகை, விஷ்ணுவோட பத்தாவது அவதாரம் மூணும் வரிசையா வந்து நிக்கும். அவதாரத்த புத்தக ஆசிரியரா போட்டுட்டா நல்லாவா இருக்கும். ஒருத்தர கண்டுபுடிச்சு சரியான க்யூ நம்பரோட ஒட்டிட்டா அதுக்கப்பறம் அங்கயே வியாஃப் (பல நாட்டு நூலகங்களோட பொதுப் பெயர்ப் பட்டியல்) நம்பர், அமெரிக்க காங்கிரஸ் நூலக நம்பர், புனைபெயர் எல்லாம் தொங்கிட்டு இருக்கும், நாம திரும்ப தேட வேணாம். புதுமைப்பித்தன்னு ஒரு எடத்துல, சொ. விருத்தாசலம்னு இன்னொரு எடத்துல, ரோமன் எழுத்துல ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங்னு கெடக்கற டேட்டாவுக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு கேட்டலாக் பண்ணவங்களுக்குத்தான் தெரியும். இந்த ஒட்டற வேலை விக்கிடேட்டால ஏற்கனவே பாதி முடிஞ்சு கெடக்கு. சொந்த விக்கிபேஸ்னா காலி எடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், மனிதன்ங்கற வகைலேர்ந்து பொறந்த தேதிங்கற பண்பு வரைக்கும் நாமளே உருவாக்கணும்.

இனி விக்கிபேஸ் பக்க நியாயம். நெஜமாவே இருக்கு.

மொதல்ல, நம்ம டேட்டாவோட கோணல நம்ம இஷ்டப்படி வெச்சுக்கலாம். பழைய புத்தகத்துல "விரோதி வருஷம்"னு மட்டும் போட்டிருக்கும். அறுபது வருஷச் சுத்துல விரோதி 1889-90லயும் வருது, 1949-50லயும் வருது. எழுத்துருவையும் தாளையும் பாத்து எந்தச் சுத்துன்னு முடிவு பண்ணிடலாம்னாலும் தமிழ் வருஷம் சித்திரைல ஆரம்பிக்கறதால ரெண்டு ஆங்கில வருஷத்துல கால் வெச்சிருக்கும். ஆவணின்னு மாசம் போட்டிருந்தா 1889 தான்னு சொல்லிடலாம், மாசி பங்குனின்னா 1890, மாசமே இல்லன்னா ரெண்டுல எதுவும் இருக்கலாம். விக்கிடேட்டால இதுக்கு ஆரம்ப எல்லை, கடைசி எல்லைன்னு துணைக்குறிப்பு போட்டு, புத்தகத்துல அச்சான வாசகத்த இன்னொரு துணைக்குறிப்புல எழுத்தா வெச்சு ஒரு வழியா சமாளிக்கலாம். சொந்த விக்கிபேஸ்ல தமிழ் வருஷம்னு தனிப் பண்பு போட்டா வேலை முடிஞ்சுது, யாரையும் கேக்க வேணாம்.

ரெண்டாவது, யாருக்கு உருப்படி போடலாம்ங்கற விதி. விக்கிடேட்டால விக்கிப்பீடியா பக்கம் இருக்கணும், இல்ல நம்பகமான ஆதாரம் இருக்கணும், இல்ல வேற உருப்படிய இணைக்க தேவைப்படணும். நூலாசிரியர், அச்சகத்துக்கெல்லாம் இது தடையே இல்ல. ஆனா பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதின ஆள், புத்தகத்துல கையெழுத்துப் போட்டு வெச்சிருந்த பழைய உரிமையாளர், இவங்கள அங்க கொண்டுபோய் கொட்ட முடியாது, கொட்டவும் கூடாது. உயிரோட இருக்கறவங்க வீட்டு விலாசமெல்லாம் பழைய சிறுபத்திரிகைல அச்சாயிருக்கும், அச்சுல வந்துதேன்னு அத லிங்க்டு டேட்டாவா ஊருக்கே விடறது எனக்கு ஒப்பாது.

இந்த ரெண்டு காரணமும் பலமா இருக்கற எடத்துல சொந்த விக்கிபேஸ்தான் சரி. என்ஸ்லேவ்டு டாட் ஆர்க் அப்படிப்பட்டது. அட்லாண்டிக் அடிமை வணிகத்துல சிக்கின மனுஷங்களோட பதிவுகள ஒண்ணா கோக்கற திட்டம், விக்கிபேஸ் மேல கட்டினது. ஒரு ஏலப் பட்டியல்ல ஒரு வரியா மட்டுமே மிஞ்சியிருக்கற பேருக்கு விக்கிடேட்டால எடம் வாங்கறது கஷ்டம், அதோட அந்த டேட்டாவ எப்படி வடிவமைக்கணும்ங்கறதே அங்க ஒரு ஆராய்ச்சிக் கேள்வி. ஆனா அதுக்குப் பின்னாடி மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டி இருக்கு, மெல்லன் அறக்கட்டளைப் பணம் இருக்கு. நம்ம கைல ரெண்டு தன்னார்வலரும் ஒரு ஹார்டு டிஸ்க்கும்.

அங்கதான் எனக்கு முடிவு ஆச்சு. பராமரிப்பு.

சொந்த விக்கிபேஸ்னா என்ன ஓடும்னு பாருங்க: மீடியாவிக்கி (விக்கிப்பீடியாவ ஓட்டற அதே சாஃப்ட்வேர்), அதுக்கு ஒரு டேட்டாபேஸ், தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச், ஸ்பார்க்கிளுக்கு தனியா ஒரு இஞ்சின், மாத்தற ஒவ்வொண்ணையும் அந்த இஞ்சினுக்கு எடுத்துட்டுப் போக ஒரு அப்டேட்டர். டாக்கர்ல எல்லாம் மூட்டையா வருது, ஏத்தறது ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும், அந்த சந்தோஷத்துலதான் எல்லாரும் ஏமாறறது. 8 ஜிபி ராம் இல்லாத மெஷின்ல நான் ஓட்ட மாட்டேன், அதுக்கு மாச வாடகை. அப்பறம் மீடியாவிக்கி செக்யூரிட்டி அப்டேட் வரும், போட்டா ஒரு எக்ஸ்டென்ஷன் படுத்துக்கும், போடலன்னா ஓட்டை. அக்கவுண்ட் யாரு வேணா தொடங்கலாம்னு விட்டா ஸ்பேம் வந்து குவியும். ஸ்பார்க்கிள் இஞ்சின் பிளேஸ்கிராஃப், அத எழுதினவங்க பல வருஷம் முன்னாடியே வளர்க்கறத நிறுத்திட்டாங்க, விக்கிடேட்டாவே அதுக்கு மாத்து தேடிட்டு, 2025ல பாரம் தாங்காம ஆய்வுக் கட்டுரை டேட்டாவ தனியா பிரிச்சு வெச்சுது. அவங்க சுமக்கற அதே தலைவலிய நாமளும் தலைல ஏத்திக்கறோம், அவங்ககிட்ட இன்ஜினியருங்க இருக்காங்க, நம்மகிட்ட லீவு நாள்ல வர்ற ஒரு பையன். அவனுக்கு பெங்களூர்ல வேலை கெடச்சதும் முடிஞ்சுது கதை. யானையக் கட்டி தீனி போடறதுதான் இது. பெரிய நிறுவனமே தடுமாறுது சார், 2023 அக்டோபர்ல பிரிட்டிஷ் லைப்ரரில ரான்சம்வேர் அடிச்சப்ப மெயின் கேட்டலாக் திரும்ப தேடற மாதிரி வர 2024 ஜனவரி ஆயிடுச்சு.

இதெல்லாம்கூட சமாளிச்சிடலாம், டொமைன் பேருதான் மோசம். சொந்த விக்கிபேஸ்ல ஒவ்வொரு யூஆர்ஐக்குள்ளயும் உங்க டொமைன் பேரு உக்காந்திருக்கு. மத்தவங்க உங்கள நம்பி அந்த யூஆர்ஐய அவங்க டேட்டால போட்டு வெச்சுப்பாங்க, லிங்க்டு டேட்டாவோட அர்த்தமே அதுதானே. டொமைன் யாரோ ஒருத்தரோட கிரெடிட் கார்டுல வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும். கார்டு காலாவதியாகும், ஞாபகப்படுத்தற மெயில் யாரும் பாக்காத இன்பாக்ஸுக்குப் போகும், அப்பறம் ஒருநாள் உங்க ஆசிரியர் யூஆர்ஐய சொடுக்கினா ஆன்லைன் ரம்மி வரும். டபிள்யூ3ஐடி மாதிரி நிலையான முகவரி சேவை வழியா யூஆர்ஐ வெச்சா இதுலேர்ந்து தப்பலாம், ஆனா மொத நாள்லயே செய்யணும், அப்பவும் அது கை காட்டற எடத்துல சர்வர் உயிரோட இருந்தாத்தான் பிரயோஜனம்.

விக்கிடேட்டா மட்டும் சாகாதான்னு கேப்பீங்க. கேக்கணும். ஃப்ரீபேஸ்னு ஒண்ணு 2007ல வந்துது, 2010ல கூகுள் வாங்கிச்சு, 2016ல இழுத்து மூடிட்டாங்க. பெருசுன்னா சாகாதுன்னு ஒண்ணும் இல்ல. விக்கிடேட்டால எனக்கு இருக்கற தைரியம் என்னன்னா வாராவாரம் முழு டம்ப் (மொத்த டேட்டாவோட நகல்) வெளில வருது, யாரு வேணா இறக்கி வெச்சுக்கலாம், சிசி ஜீரோங்கறதால யாரையும் அனுமதி கேக்க வேணாம். அப்பறம் ரெண்டு உருப்படிய இணைச்சா பழைய நம்பர் புதுசுக்கு திருப்பி விடும், அதனால நாம புடிச்ச யூஆர்ஐ அநாதையாகாது.

பராமரிப்பே இல்லாம இல்ல. யாரோ ஒருத்தர் நல்லெண்ணத்துலயே ஒரே பேருள்ள ரெண்டு புலவர்கள இணைச்சு வெச்சிடுவார், பிரிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். நம்ம உருப்படிகள வாட்ச்லிஸ்ட்ல போட்டு வெச்சுக்கணும், அப்பப்போ ஸ்பார்க்கிள்ல மொத்தமா இழுத்து நம்ம பட்டியலோட ஒப்பிட்டுப் பாக்கணும். க்விக்ஸ்டேட்மெண்ட்ஸ்ங்கற டூல்ல மொத்தமா ஏத்தறதுக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு மட்டும் ஏத்திப் பாக்கறது நல்லது, அங்க இருக்கறவங்க ஏதாச்சும் சொல்லுவாங்க, கேட்டுக்கணும். நம்ம உழைப்ப யாரோ பேர் சொல்லாம எடுத்துட்டுப் போவாங்க, அது உறுத்தினா விக்கிடேட்டா உங்களுக்கு சரிப்படாது. எனக்கு உறுத்தல. ஆனா ராத்திரி சர்வர் விழுந்துதுன்னு ஃபோன் வராது, எனக்கு அது போதும்.

நடுவுல ஒண்ணு இருக்கு, விக்கிபேஸ் கிளவுட். விக்கிமீடியா ஜெர்மனியே சர்வர் நடத்தி இலவசமா எடம் குடுக்கறாங்க, சர்வர் தொல்லை அவங்களோடது. நான் அதுல சும்மா தட்டிப் பாத்ததோட சரி, பெரிய டேட்டா ஏத்தி ஓட்டல, அதனால அடிச்சுப் பேச மாட்டேன். தமிழ் வருஷம் மாதிரி கோணல் நெறைய இருக்கற சேகரிப்புன்னா சொந்த சர்வருக்கு முன்னாடி இத பாருங்க.

ஓமெக்கா எஸ் 2017ல வந்துது, ஜார்ஜ் மேசன் யூனிவர்சிட்டில இருக்கற ரோசன்ஸ்வைக் மையத்துல உருவானது. சாதாரண பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், விலை கொறஞ்ச ஹோஸ்டிங்லயே ஓடும். படத்த அழகா காட்டி கண்காட்சி வெக்கணும்னா இதுதான், ஒவ்வொரு உருப்படிக்கும் லிங்க்டு டேட்டா வடிவமான ஜேசன்-எல்டியும் தருது. ஸ்பார்க்கிள் மட்டும் அதோட கூட வராது. அதனால இத நான் போட்டியாவே பாக்கல, விக்கிடேட்டா யூஆர்ஐய கொண்டுவந்து ஒட்டற எடமா பாக்கறேன்.

எதுல போனாலும் எக்செல்ல ஒரு நெடுவரிசை கூட்டி, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அந்த க்யூ நம்பர எழுதி வெச்சுக்கோங்க, அத சிஎஸ்வியா (வெறும் எழுத்துக் கோப்பா) சேமிச்சு ஒரு காப்பி குழுவுக்கு வெளில யார்கிட்டயாவது இருக்கட்டும். பழைய உரிமையாளர் கையெழுத்து, கடிதம் எழுதினவங்க பேரெல்லாம் அதே சிஎஸ்வில நம்ம சொந்த நம்பரோட கெடக்கு, இப்போதைக்கு அத எங்கயும் வெளியிடல.