மடித்து வைக்கும் டிரெக்கிங் பை: எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் சாவன்துர்கா மலை முழுக்கக் கருங்கல் பாறை. 1226 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, செங்குத்தான இடங்களில் நான் உட்கார்ந்துதான் சறுக்குவேன். போன ஜனவரியில் அப்படி இறங்கி வந்து, பையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் அடிப்பக்கமெல்லாம் சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டை. 90 கிராம்தான் என்று ஆசைப்பட்டு வாங்கிய பை அது.

அடுத்த பை வாங்க பெங்களூரு இந்திராநகரில் ஒரு கடைக்குப் போனபோது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையோடு கொண்டுபோனேன். கடையில் இருந்த தம்பி ஓசூர்க்காரர். "காலிப் பையை மாட்டிப் பார்த்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்க்கா" என்று அவரே பாட்டில்களை உள்ளே வைத்துக் கொடுத்தார். நாலு கிலோ சுமையோடு கடைக்குள்ளேயே நடந்தேன். முதல் பையின் தோள்பட்டி வெறும் நாடா. பத்து நிமிஷத்தில் கயிறு மாதிரி சுருண்டு கழுத்தோரம் அறுத்தது. இரண்டாவதில் நெஞ்சுப் பட்டி இல்லை, குனிந்தால் பை பிடரிக்கு வந்தது. மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். 20 லிட்டர், 70 டினியர் ரிப்ஸ்டாப் நைலான், 1,400 ரூபாய். வீட்டுத் தராசில் 215 கிராம்.

டினியர் என்பது 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு. 20 டினியர் என்றால் அவ்வளவு நீள நூலும் 20 கிராம்தான். ரிப்ஸ்டாப் துணியில் கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும், கிழிசல் பரவாமல் அங்கேயே நிற்கும். பாறை உரசலுக்கு அது போதாது, துணியே கனமாக இருக்க வேண்டும்.

கர்நாடகாவின் குமார பர்வதம் மலைக்குப் போனபோது பெரிய பையை அடிவாரத்தில், குக்கே சுப்ரமண்யாவில் அறையிலேயே விட்டுவிட்டு, இதை மட்டும் விரித்து மாட்டிக்கொண்டேன். மூன்று லிட்டர் தண்ணீர், புளியோதரை, ரெயின்கோட், டார்ச். இந்த ரகப் பைகளில் முதுகுப் பக்கம் வெறும் துணிதான், பாட்டில் முதுகெலும்பில் இடிக்கும். உட்காருவதற்கு வைத்திருந்த ஃபோம் பாயை நாலாக மடித்து முதுகுப் பக்கம் செருகினேன். அதன் பிறகு 1712 மீட்டர் உச்சி வரை வலியே இல்லை. தயவுசெய்து இதைச் செய்யாமல் கிளம்பாதீர்கள்.

வழியில் வரும் சேஷ பர்வதம் என்ற சிகரத்தைத் தாண்டியதும் மழை. துணி தாங்கியது, தையலும் ஜிப்பும் தாங்கவில்லை. மேலே இருந்த துண்டு நனைந்துவிட்டது. போனை ஜிப் கவரில் போட்டிருந்ததால் தப்பித்தது. பனிமலைக்கு எடுத்துப்போகிறவர்கள் கிராம்பானுக்கு (பனியில் வழுக்காமலிருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் சட்டம்) உறை போடாமல் இதற்குள் வைக்க வேண்டாம், முள் குத்திக் கிழித்துவிடும்.

மடித்தால் தேங்காய் அளவுக்குத் தன் பாக்கெட்டுக்குள்ளேயே போய்விடும். ஆனால் ஈரத்தோடு மாதக்கணக்கில் மடித்தே வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். நான் பால்கனிக் கொடியில் காயவைத்து, அலமாரியில் விரித்தபடியே தொங்கவிடுகிறேன். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தான் மடிப்பேன்.