‘வீகன்’ பலகையை நம்பி 9,600 பேசோ கொடுத்தேன்: மணிலாவில் இருக்கும் சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சனிக்கிழமை ராத்திரி நடந்தது இது. இன்று செவ்வாய். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. 9,600 பேசோ போய்விட்டது. நம்ம ஊர்ப் பணத்தில் பதினாலாயிரம் ரூபாய் சொச்சம். அதைவிடப் பெரிய வேதனை, பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத என் அம்மாவை நானே கூட்டிப்போய் இறாலைத் தின்ன வைத்துவிட்டேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்குக் குறுக்கே எதுவும் வரக் கூடாது. மணிலாவை ஒட்டிய மக்காத்தி நகரில், ஆறேழு மேசை போட்டு, ‘முழுக்க முழுக்க வீகன் பிலிப்பினோ சாப்பாடு’ என்று பச்சைப் பலகை மாட்டிய சின்னக் கடை. எப்படி ஏமாந்தேன், நீங்கள் எப்படித் தப்பிக்கலாம் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், வெளியில் சைவம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று. பினக்பெத் என்று ஒன்று இருக்கும். பார்த்தால் பூசணி, கத்தரி, வெண்டை, பாகல், காராமணி, நம்ம வீட்டுக் கூட்டு மாதிரியே. ஆனால் அதற்கு உயிரே பகோஓங்தான், இறாலையோ மீனையோ உப்புப் போட்டுப் புளிக்கவைத்த விழுது. லாயிங் என்றால் சேம்பு இலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைப்பது, அதிலும் கருவாடோ இறாலோ விழுந்திருக்கும். வெள்ளிக்கிழமை வைக்கிற பாசிப்பயறுக் குழம்பில்கூடப் பன்றித்தோல் வறுவலைத் தூவிவிடுவார்கள். போதாததற்குப் பாதிஸ் என்கிற மீன் சாறு. ‘கூலாய்’, அதாவது காய்கறி, என்று சொல்லிக் கொடுப்பதில் இதெல்லாம் இருக்கும். அவர்கள் பார்வையில் அது பொய்யும் இல்லை. அது சுவைக்குப் போடுவது, அவ்வளவுதான். நாலு வருடத்தில் இதெல்லாம் பழகிவிட்டது, யார்மேலும் கோபப்பட்டதில்லை. வீகன் என்று பலகை வைத்தவர்கள் செய்தால் அது வேறு கதை. பால், நெய்கூட இல்லை என்று சொல்லித்தானே கடை திறக்கிறார்கள்?

அப்பாவுக்கு இந்த மாதம் அறுபது முடிந்தது. திருக்கடையூர் போவது ஊருக்குத் திரும்பிய பிறகு. இங்கே பாக்கோவில் மகாத்மா காந்தி தெருவில் இருக்கிற இந்துக் கோயிலில் ஓர் அர்ச்சனை, அப்புறம் நண்பர்கள் குடும்பத்தோடு ஒரு சாப்பாடு, அவ்வளவுதான் திட்டம். மொத்தம் 12 பேர். இந்தக் கடையில் கமாயான் உண்டு என்று ஒரு தோழி சொன்னாள். கமாயான் என்றால் மேசை நீளத்துக்கு வாழையிலை விரித்து, நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிலும் பதார்த்தங்களை அடுக்கி, எல்லோரும் கையால் எடுத்துச் சாப்பிடுவது. வாழையிலை, கையால் சாப்பாடு, அதுவும் சைவம். அம்மாவிடம் சொன்னதும் “பரவாயில்லையே, நம்ம பந்தி மாதிரி இருக்கும் போல” என்று அவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. பத்து நாள் முன்னாலேயே நேரில் போனேன். கல்லாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். அக்கா என்கிற மரியாதைக்கு இங்கே ‘ஆத்தே’ என்று கூப்பிடுவது வழக்கம், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். “எங்கள் வீட்டில் மீன், இறால், முட்டை எதுவும் ஆகாது. பகோஓங் இருக்கிறதா, பாதிஸ் இருக்கிறதா?” என்று எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊர் மொழியான தகாலோக்கில் கேட்டேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “வலாங் பகோஓங், வலாங் பாதிஸ்” என்றார். இல்லவே இல்லை. அதோடு விடவில்லை. அடுக்களை வாசல்வரை கூட்டிப்போய் அடுப்பைக் காட்டினார். சிசிக் ஒரு கரண்டி எடுத்து, மேலே கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சையைப் பிழிந்து கொடுத்தார். சிசிக் பம்பாங்கா மாகாணத்துப் பண்டம், அசலில் பன்றித் தலைக்கறியில் செய்வது. இவர்கள் தோக்வா என்கிற சோயா டோஃபுவும் காளானும் பொடியாக அரிந்து மொறுமொறுவென்று வறுத்திருந்தார்கள். நன்றாகவே இருந்தது. “என் அம்மாவும் உடம்பு சரியில்லாமல் போய் இறைச்சியை விட்டவர்தான், அவருக்காகத்தான் இந்தக் கடையே” என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அம்மாவுக்காகக் கடை வைத்த பெண், என் அம்மாவுக்குத் துரோகம் செய்வாள் என்று யாருக்குத் தோன்றும்?

தலைக்கு 800, 12 பேருக்கு 9,600 பேசோ. முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும், காய்கறி மொத்தமாக வாங்க வேண்டும் என்றார். சரி என்றேன். கடைக் கணக்கு “மாறிக்கொண்டிருக்கிறது” என்று சொல்லி ஓர் ஆளின் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்தார், மகன் என்றார். அங்கேயே நின்று செயலியில் 9,600 அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு “இயந்திரம் பழுது, சனிக்கிழமை வரும்போது தருகிறேன்” என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் போனால் மேசையே போடவில்லை. ஐம்பது நிமிடம் நடைபாதையில் நின்றோம், அப்பா பட்டு வேட்டியோடு. பத்து வகை என்று பேசியது ஆறு வகையாக வந்தது. புளி போட்ட சினிகாங் சூப்பு ஆறிப்போயிருந்தது, துரோன் என்கிற வாழைப்பழ வறுவல் வரவே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம், நல்ல நாளில் எதற்குச் சண்டை என்று. இலை நடுவில் கரே-கரே வைத்தார்கள். வேர்க்கடலையை அரைத்துச் செய்கிற கெட்டிக் குழம்பு, வழக்கமாக மாட்டு வால் போடுவது, இங்கே வாழைப்பூவும் கத்தரிக்காயும். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள ஏதோ கருஞ்சிவப்பு விழுது. பரிமாறிய பையனிடம் என் வீட்டுக்காரர் கேட்டார். “கறுப்பு பீன்ஸ், காளான், வீகன் பகோஓங்” என்றான். அப்படி ஒன்று செய்கிறார்கள், எனக்கும் தெரியும். அதனால் நானே எடுத்து அம்மா பக்கம் வைத்தேன்.

அம்மா மூன்று நாலு வாய் சாப்பிட்டிருப்பாள். அப்புறம் விரலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இது என்னடி, கண்ணு மாதிரி இருக்கு?” என்றாள். மணலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நகத்தால் தள்ளிப் பார்த்தேன். அரிசி அளவுகூட இல்லை, வளைந்து, ஊடே தெரிகிற இளஞ்சிவப்பு உடம்பு. ஒரு முனையில் மிளகுத்தூள் மாதிரி இரண்டு கறுப்புப் புள்ளிகள். நூலை விட மெல்லியதாக மீசை. அலமாங். பகோஓங் போடுகிற பொடி இறால். கிண்ணம் முழுக்க அந்தப் புள்ளிகள்தான். குழம்பைக் கிளறினால் அதிலும்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய் வாய் கொப்பளித்தாள், கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பாதான் “தெரியாம சாப்பிட்டதுல தோஷம் இல்லம்மா, விடு” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பையனைக் கேட்டால் “கொஞ்சம்தான் மேம், வாசனைக்கு” என்கிறான். ஆத்தே எங்கே என்றால் இல்லை. இவர் வாசலுக்குப் போனபோது இன்னொரு பையன் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகளில் சூடான குழம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறான். பக்கத்துத் தெருச் சாப்பாட்டுக் கடையிலிருந்து. சமையல்காரர் அன்று வரவில்லையாம். வெளியில் வாங்கி, இலையில் ஊற்றி, வீகன் என்று வைத்திருக்கிறார்கள். 12 பேரில் யாருக்காவது இறால் ஒவ்வாமை இருந்திருந்தால்? நினைத்தாலே உடம்பு பதறுகிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ஞாயிறு காலை செய்தி அனுப்பினேன், படத்தோடு. “கவனத்தில் கொண்டோம் போ” என்று பதில். அந்த ‘போ’ இங்கே மரியாதைச் சொல், வரிக்கு வரி வரும், பணம் மட்டும் வராது. மத்தியானம் கேட்டால் “முதலாளி மாகாணத்துக்குப் போயிருக்கிறார், சிக்னல் இல்லை”. பத்து நாள் முன்னால் கடையே தன்னுடையது என்று சொன்னவர் இப்போது முதலாளி வேறு யாரோ என்கிறார். திங்கள் காலை நேரில் போனேன். என்னைப் பார்த்து அதே சிரிப்பு. கையை மட்டும் பிடிக்கவில்லை. “ரசீது கொண்டுவாருங்கள், பார்க்கலாம்.” நீங்கள் தரவே இல்லையே என்றால், “அப்படியானால் பணம் எங்களுக்கு வந்ததாகப் பதிவு இல்லை.” 9,600 பேசோ வாங்கிக்கொண்டு, இதயப் படம் போட்டு “கிடைத்தது, நன்றி” என்று அனுப்பிய செய்தியைக் காட்டினேன். “அது என் மகனின் எண், கடையுடையது இல்லை.” கடைசியில் இரண்டு ஹாலோ-ஹாலோ இலவசமாகத் தருகிறேன் என்றார். என் அம்மா வாய் கொப்பளித்ததற்கு ஐஸ் போட்ட இனிப்பு. சாயங்காலம் என் எண்ணை முடக்கிவிட்டார்கள். பணச் செயலியில் கேட்டால், நாமே விரும்பி இன்னொரு தனிநபருக்கு அனுப்பியதைத் திருப்ப வழியில்லை என்கிறார்கள்.

யோசனை நிறைய எழுத நினைத்தேன், இப்போது மனசு அதில் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கடைப் பெயரில் இல்லாத எண்ணுக்கு ஒரு பேசோகூட அனுப்பாதீர்கள். ரசீது கொடுப்பது கடைக்காரர் கடமை, கையில் வராமல் நகராதீர்கள். முழுப் பணம் முன்னால் கேட்டால் வேறு கடை பாருங்கள். விழுது எது வந்தாலும் முதலில் வெளிச்சத்தில் பாருங்கள், கறுப்புப் புள்ளி ஜோடி ஜோடியாக இருந்தால் இறால். ஏமாந்துவிட்டால் வர்த்தக, தொழில் துறையின் நுகர்வோர் எண் 1-384. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பதை 1992ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம், 7394ஆம் எண், தடை செய்கிறது. நான் நாளை படம், செய்தி, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் அச்செடுத்துப் புகார் கொடுக்கிறேன். 9,600 பேசோவையும் கேட்டு.

அம்மா ஞாயிறு முழுக்கப் பழமும் தண்ணீரும்தான். வியாழக்கிழமை அவர்களுக்கு விமானம். இவர் கைபேசியில் அந்தக் கடையின் பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். புதுப் படம் போட்டிருக்கிறார்கள். வாழையிலை, குவித்த சோறு, நடுவில் அதே சின்னக் கிண்ணம். வருகிற சனிக்கிழமை கமாயானுக்கு முன்பதிவு தொடங்கிவிட்டதாம், தலைக்கு 800.