ஹனோயில் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலச் சுற்றுலா: ஒரு மதிப்பீடு

ஹனோயின் பழைய கடைத்தெருக்களைச் சுற்றிக்காட்டப் பலர் இருக்க, 1940 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்பை மட்டுமே பொருளாகக் கொண்ட அரைநாள் சுற்றுலாவைச் சிறிய உள்ளூர் நிறுவனம் ஒன்று நடத்துகிறது. வரலாற்றில் நாட்டம் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம்.

ஓபரா மாளிகையில் தொடங்கி, டோங்கின் எனப்பட்ட வடக்கு வியட்நாமை ஆண்ட பிரெஞ்சு உயரதிகாரியின் பழைய மாளிகை வரை நடக்கும்போதே, வழிகாட்டி இந்த ஆட்சியின் விசித்திரத்தைப் புரியவைத்துவிடுகிறார். வியட்நாம் அப்போது பிரெஞ்சுக் காலனி. 1940 செப்டம்பரில் நுழைந்த ஜப்பானியப் படை பிரெஞ்சுக்காரர்களை விரட்டவில்லை. பிரெஞ்சு ஆளுநர் டெக்கூவின் நிர்வாகத்தையும் காவல்துறையையும் அப்படியே விட்டுவிட்டு, துறைமுகம், விமானத்தளம், அரிசி ஆகியவற்றைத் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1945 மார்ச் 9 இரவில்தான் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்தது. அந்தக் குழப்பத்தில் ஹுவா லோ சிறையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட அரசியல் கைதிகள் தப்பிய கதையை அவர் சொல்லும் விதம் அருமை.

சுற்றுலாவின் உயிர், வடக்கு வியட்நாமை 1944-45இல் உலுக்கிய பஞ்சத்தில் மாண்டவர்களின் எலும்புகளைத் திரட்டிப் புதைத்த நினைவிடம்தான். ஹாய் பா சுங் பகுதியின் குறுகிய சந்து ஒன்றில், வீடுகளுக்கு நடுவே இருக்கும் அதைத் தனியாகத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். அங்கே புகைப்படக் கலைஞர் வோ ஆன் நின் எடுத்த பஞ்சப் படங்களின் பிரதிகளைக் கையில் கொடுத்துவிட்டு, வழிகாட்டி சற்று நேரம் பேசாமல் நிற்கிறார், அதுவே சரி.

குறையும் இங்கேதான். பஞ்சத்தின் முழுப் பழியையும் அவர் ஜப்பான்மீது போடுகிறார். ஆனால் நிர்ணயித்த விலைக்கு நெல்லைக் கட்டாயமாக வசூலித்தது பிரெஞ்சு நிர்வாகம். நெல் வயல்களில் சணல் பயிரிட வைத்ததிலும் அதற்குப் பங்குண்டு. நேச நாட்டுக் குண்டுவீச்சில் ரயில்பாதை துண்டிக்கப்பட்டதால் தெற்கின் அரிசி வடக்குக்கு வரவில்லை. இவை பற்றி ஒரு சொல்கூட இல்லை. மாண்டவர்கள் 20 லட்சம் என்பதையும் தீர்ந்த கணக்காகவே சொல்கிறார். ஆய்வாளர்களின் மதிப்பீடு 4 லட்சத்திலிருந்தே தொடங்குகிறது. இத்தனைக்கும் சுற்றுலா முடியும் பா தின் சதுக்கத்தில், 1945 செப்டம்பர் 2 அன்று ஹோ சி மின் வாசித்த விடுதலைப் பிரகடனம் பிரெஞ்சு, ஜப்பான் என்ற இரட்டை நுகத்தடியையே குற்றம் சாட்டியது.

காலை நேரச் சுற்றையே பதிவுசெய்யுங்கள். நினைவிடத்துக்கு வாகனம் உண்டு, மற்றதெல்லாம் பெரும்பாலும் நடைதான்.