காரைக்குடியில் மைன்கிராஃப்ட் ‘மோட் செட்டப்’ என்று 8,500 ரூபாய் வாங்குகிறார்கள், கொடுத்துவிடாதீர்கள்

மைன்கிராஃப்ட் கேமில் மோட் போடக் காசு கிடையாது. மோட் என்பது கேமில் புதுசு புதுசாகச் சேர்க்கும் கூடுதல் புரோகிராம். மோடை ஓடவைக்கும் லோடர் ஃபோர்ஜ், ஃபேப்ரிக், நியோஃபோர்ஜ், எதை எடுத்தாலும் இலவசம். மாட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ் தளங்களில் மோட்களும் இலவசமாகவே இறங்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது கேம் மட்டும்தான், அதுவும் ஒரே தடவை. இது தெரியாத என் அக்காவிடம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை 8,500 ரூபாய் கறந்திருக்கிறது. நேற்று ராத்திரி லேப்டாப்பைத் திறந்து பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது.

எதைக் காட்டி நம்ப வைத்தார்கள் என்பதைக் கேளுங்கள். கடையின் பெரிய திரையில், கேமுக்குள் கட்டிய ஒரு செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள். வளவைச் சுற்றித் தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்டது. “ஆச்சி, இந்தக் கல்லெல்லாம் சாதாரண கேம்ல வராது. நாங்க போடுற மோட்லதான் வரும். தம்பி உங்க வீட்டையே கட்டிரும் பாருங்க.” தன் பையன் முகத்தைப் பார்த்த அக்கா அங்கேயே ஜிபேயில் அனுப்பிவிட்டார். ஒரிஜினல் கேம், ஐம்பது மோட், ‘ரேம் கூட்டுறது’, பையனுக்கு வகுப்பு, எல்லாம் சேர்த்து 8,500 என்று பேச்சு. கையில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ‘சாஃப்ட்வேர் வேலை 8,500’ என்பது தவிர கடைப் பெயர்கூட இல்லை.

அந்தக் கல் மோடே இல்லை, ரிசோர்ஸ் பேக், அதாவது கேமின் படங்களை மட்டும் மாற்றுவது. கேமில் ஏற்கெனவே கிளேஸ்டு டெரகோட்டா என்று ஒரு பிளாக் உண்டு. அதை வைக்கும்போது நாம் எந்தத் திசை பார்த்து நிற்கிறோமோ அதற்கேற்பப் படம் திரும்பும். நாலைச் சரியாகத் திருப்பி வைத்தால் ஒரு முழுப் பூ வரும். அதன் 16-க்கு 16 பிக்சல் படத்தை மாற்றி, பேக்.எம்சிமெட்டா என்ற சின்ன விவர ஃபைலோடு ஜிப் செய்து, ரிசோர்ஸ்பேக்ஸ் ஃபோல்டரில் போட்டு, கேமில் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. லோடர்கூட வேண்டாம். படம் வரையத் தெரிந்த பையனே ஒரு சாயங்காலத்தில் செய்துவிடுவான். இதைக் காட்டித்தான் 8,500.

உள்ளே இருந்தது அதைவிட மோசம். கேம் ஒரிஜினல் இல்லை. லாஞ்சரில் மைக்ரோசாஃப்ட் கணக்கே கேட்கவில்லை, வெறும் பெயரைத் தட்டினால் உள்ளே போகிறது. கிராக் காப்பி. போட்டிருந்தது கேமின் 1.20.1 வெர்ஷனுக்கான ஃபோர்ஜ். மோட்ஸ் ஃபோல்டரிலோ 1.12.2 ஜார்கள் (மோட் ஃபைல்கள்) பாதி, ஃபேப்ரிக் ஜார்கள் மீதி. ஃபைல் பெயரிலேயே அது எழுதியிருக்கிறது, படித்துப் பார்க்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை. கேம் வெர்ஷன், லோடர், மோட் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஃபேப்ரிக் மோட் ஃபோர்ஜில் நேரடியாக ஓடாது. 1.12.2 மோட் 1.20.1-இல் ஏறாது. பையன் ‘பிளே’ அழுத்தினால் எரர் வந்து நிற்கிறது.

‘ரேம் கூட்டியது’ என்பது லாஞ்சர் செட்டிங்கில், கேம் எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்று சொல்லும் எக்ஸ்எம்எக்ஸ் என்ற இடத்தில் 8ஜி (8 ஜிபி) என்று மாற்றியது. லேப்டாப்பில் இருப்பதே 8 ஜிபி. மொத்தத்தையும் கேமை ஓட்டும் ஜாவாவுக்குக் கொடுத்தால் விண்டோஸுக்கு என்ன மிஞ்சும்? மெஷினே திணறுகிறது. இந்த லேப்டாப்புக்கு 4ஜி போதும்.

எனக்குக் கை நடுங்கியது விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரைத் திறந்தபோதுதான். எதைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லும் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சி டிரைவ் முழுவதும்! ‘மோட் ஃபைலை ஆன்டிவைரஸ் தின்றுவிடும்’ என்று சொல்லிச் செய்தார்களாம். 2023 ஜூனில் ஃப்ராக்ச்சரைசர் என்ற மால்வேர் மோட் ஜார்களுக்குள் புகுந்து, பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மைன்கிராஃப்ட், டிஸ்கார்ட் லாகின்களையும் திருடியது. ஜார் என்பது படமோ பாட்டோ இல்லை, ஓடும் புரோகிராம். அக்கா பேங்க் வேலை பார்ப்பதும் இதே லேப்டாப்பில்.

கடையில் கேட்டால் பதில் இப்படி வருகிறது. முதலில் “அப்டேட் வந்திருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிரும்”. பிறகு “தம்பி எதையாவது நோண்டிருக்கும் ஆச்சி”. அடுத்து “மோட் போட்ட பையன் லீவுல இருக்கான்”. வகுப்பு? “பேட்ச் சேரட்டும்.” வாட்ஸப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. நான் பேசியதும் “சாஃப்ட்வேருக்கு ரிட்டர்ன் கிடையாது சார்” என்று போனை வைத்துவிட்டார்கள். 8,500 ரூபாய்க்கு முறையான பில்லும் கிடையாது.

எப்படித் தொடங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இதையாவது செய்யுங்கள். வாங்கும்போது பிசிக்கான ஜாவா எடிஷனைக் கேளுங்கள், கணக்கு உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும். மோட் போடுமுன் 1.20.1-ஐ ஒருமுறை வெறுமனே ஓடவிட்டு மூடுங்கள். ஃபோர்ஜ் இன்ஸ்டாலருக்கு கம்ப்யூட்டரில் ஜாவா 17 வேண்டும், ‘இன்ஸ்டால் கிளையண்ட்’ கொடுங்கள். ஃபேப்ரிக் என்றால் ஃபேப்ரிக் ஏபிஐ என்ற துணை மோடையும் சேர்த்துப் போடுங்கள், பெரும்பாலான மோட்கள் அதைக் கேட்கும். ஒவ்வொரு மோடாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நின்றால் லாக்ஸ் ஃபோல்டரில் லேட்டஸ்ட் என்ற ஃபைலில் காரணம் இருக்கும். கேமில் கட்டியதெல்லாம் இருக்கும் சேவ்ஸ் ஃபோல்டரை முதலிலேயே காப்பி எடுத்துவிடுங்கள்.

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்பவனிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் எக்ஸ்க்ளூஷனை எடுத்து, ஃபுல் ஸ்கேன் போட்டு, பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அக்கா பெயரில் இன்று காலை கொடுத்தாயிற்று, 8,500 ரூபாய் இன்னும் வரவில்லை.