வெள்ளம் வந்து ஏழு நாள் கழித்து வாசலில் வந்து நின்ற வேன்

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு மூழ்கியது. புயல் மறுநாளே ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. தண்ணீர் மட்டும் எங்கள் கார் ஷெட்டை விட்டுக் கடக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டது. வடிந்த பிறகு சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. டேப் வைத்து அளந்தேன்: மூன்றரை அடி. 2015இல் வந்த தண்ணீர் இதில் பாதிதான்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, தனியாக இருப்பவள். ஃபிட்டராக வேலை பார்த்த என் கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கார் ஷெட்டில் பாதி இடம் காருக்கு, மீதி இடம் அவருடைய சாமான்களுக்கு. தரைக்குக் கீழே சம்ப் என்னும் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் மோட்டார், மூலையில் இன்வெர்ட்டர். எல்லாமே முழுகின.

காரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் மட்டும்தான் நான் ஏமாறவில்லை. அக்கா மகன் தொலைபேசியில், "சித்தி, சாவியைத் தொடவே தொடாதீர்கள், என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்" என்றான். தொடவில்லை. படம் எடுத்து, காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்லி, வண்டியை இழுத்துக்கொண்டு போகச் செய்தேன்.

டிசம்பர் 11 காலையில், வெள்ளம் புகுந்த வீடுகளைக் கழுவி வண்ணம் அடித்துக் கொடுப்பவர்களின் வேன் ஒன்று வந்து நின்றது. பிரஷர் பம்ப், இரண்டு டிரம், நான்கு பையன்கள். மேற்பார்வையாளர் என்று இறங்கியவர் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் ஏற்கெனவே வேலை செய்வதாகச் சொன்னார். அந்த இரண்டு வீடுகளிலும் நான் போய்க் கேட்கவில்லை. "மார்கழி பிறப்பதற்குள் புது வீடு மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுகிறேன் அம்மா" என்றார். சேற்று வாடையில் ஒரு வாரம் தூங்காமல் கிடந்தவளுக்கு அந்த வார்த்தை எப்படி இனித்திருக்கும் என்று வெள்ளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பணம் முப்பதாயிரம் கொடுத்தேன்.

அவர் கொடுத்த கணக்கு இது. சுவரும் கூரையும் சேர்த்து 740 சதுர அடி. கழுவி, பட்டி (சுவரைச் சமமாக்கும் மாவு) பூசி, நீர்க்காப்புப் பூச்சும் வண்ணமும் அடிக்கச் சதுர அடிக்கு 65 ரூபாய், ஆக 48,100. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதிய வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) 4,800. சம்ப் சுத்தம் 3,500. குப்பை அகற்ற 3,000. மொத்தம் 59,400. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனா எடுத்துப் பெருக்கலையும் கூட்டலையும் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டு பிள்ளைகளுக்கு, விடையைப் பார்ப்பதற்கு முன்னால் வினாவைப் படி என்று சொல்லிக்கொடுத்தவள், வினாவைப் படிக்கவில்லை. ஷெட் 18 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. கூரையைத் தண்ணீர் தொடவே இல்லை. எட்டு அடி அகல ஷட்டரைக்கூடச் சுவராகக் கணக்கில் சேர்த்திருக்கிறார். சுவரில் ஈரம் ஏறும் உயரத்தையும் சேர்த்து ஐந்து அடி வரை எடுத்துக்கொண்டாலும் 240 சதுர அடிதான். அவருடைய விலையிலேயே 15,600 ரூபாய். இதை நான் கணக்குப் போட்டது மார்ச் மாதம்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தரையில் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினான் ஒரு பையன். சற்று நேரத்தில் கண்ணும் தொண்டையும் எரிய எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய இடமாக இருந்தால் ஆளையே கொல்லும். நான் கணக்கு ஆசிரியைதான், ஆனால் என் வகுப்புக்குப் பக்கத்து அறையில்தான் வேதியியல் நடக்கும். கத்திக்கொண்டே ஷட்டரை முழுக்கத் தூக்கச் சொன்னேன். ஊற்றிய பையனுக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது. கையுறை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. எலிக்காய்ச்சல் கிருமி அந்தத் தண்ணீரில் இருக்கலாம் என்று தெரிந்தும், நான்காவது மாடி வீட்டைக் கழுவுவதுபோல் அந்தப் பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தார் அந்த மனிதர். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். டீ போட்டுக் கொடுத்தேன்.

மோட்டாரை அவர் கையாண்ட விதத்தைக் கவனியுங்கள். நனைந்த மோட்டாரைப் பிரித்து, உலர்த்தி, பேரிங் மாற்றினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். உலரும் முன் மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரியும். அவர் வந்த அன்றே பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து "சோதித்து" காட்டினார். புகை வந்தது. "பார்த்தீர்களா அம்மா, போய்விட்டது" என்றார். போனதா, போக்கினாரா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஐந்து நாளில் பளபளவென்று வண்ணம் அடித்துக்கொண்டு வந்தது. ஏப்ரலில் மறுபடி நின்றது. எங்கள் பக்கத்து வைண்டிங் கடைக்காரர் பிரித்துக் காட்டினார்: கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியம். செம்பாக இருந்தால் சிவப்பாக இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், எனக்கு எதிரில் சுரண்டிக் காட்டு என்று சொல்லியிருந்தால் போதும்.

சம்ப்பில் அவர்கள் தண்ணீரை இறைத்தார்கள், பவுடரைத் தூவினார்கள், மூடினார்கள். அடியில் நான்கு விரற்கடைச் சேறு அப்படியே இருந்தது. அந்தச் சேற்றின் மேல்தான் நான் இரண்டு வாரம் குடிநீர் லாரித் தண்ணீரை நிரப்பியிருக்கிறேன்.

இனி சுவர். இதைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். மார்கழி முதல் நாள் நான் கோலம் போடும்போது ஷெட் உண்மையிலேயே புது வீடு மாதிரி இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையாகத் தூள் தூளாக உப்பு பூத்தது. மாசி மாதம் கை வைத்தால் பூச்சு கொப்புளமாக உடைந்து உள்ளங்கையில் வந்தது. பழைய கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அவர் பட்டியைச் சுரண்டி, செங்கல்லில் விரலை வைத்து, "இன்னும் நனைந்துதான் இருக்கிறது டீச்சரம்மா" என்றார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மூன்று நாள் குடித்த தண்ணீரை மூன்று நாளில் வெளியே விடாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாக விடும். அதன் முகத்தில் பட்டியையும் நீர்க்காப்புப் பூச்சையும் அப்பினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பைத் தள்ளிக்கொண்டு பூச்சைப் பெயர்த்துவிடும். நீர்க்காப்புப் பூச்சு என்ற பெயரில் நான் காசு கொடுத்துத் தண்ணீரைச் சுவருக்குள் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

கொத்தனார் சொன்ன வைத்தியத்தில் விற்பதற்கு ஒன்றுமே இல்லை. தண்ணீர்க் கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை வண்ணத்தையும் பட்டியையும் சுரண்டிவிட வேண்டும். பகலெல்லாம் ஷட்டரைத் தூக்கி வைத்து, முடிந்தால் ஒரு மின்விசிறியை ஓட விட வேண்டும். பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளே போய்விடும். ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பார்க்க வேண்டும். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் வண்ணக்காரரை வரச் சொல்லாதீர்கள். எனக்கு ஜூன் வரை நீர் கோத்தது.

ஜனவரியில் அந்த மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். திருநெல்வேலியில் இருப்பதாகச் சொன்னார். டிசம்பர் 17, 18 தேதிகளில் அங்கே பெய்த பெருமழைக்குப் பிறகு "நிறைய வேலை அம்மா" என்றார். அடுத்த முறை அந்த எண் எடுக்கப்படவே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். மரியாதையாகப் பேசினார்கள், கடையின் பெயரும் முகவரியும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது "எஸ்டிமேட்" என்று அச்சிட்ட தாளில் ஒரு ரப்பர் முத்திரையும் கைபேசி எண்ணும். பணம் போன கணக்கு வேறொரு பெயரில் இருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் யார் மீது போடுவது? முன்பணம் கொடுப்பதற்கு முன் ஜிஎஸ்டி எண்ணோ, ஒரு கடை முகவரியோ உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் வேனை அனுப்பிவிடுங்கள்.

குப்பைக்குக் கொடுத்த மூவாயிரத்தின் கதை பாக்கி இருக்கிறது. மாநகராட்சி லாரிகள் அந்த வாரம் தெருத்தெருவாக வெள்ளக் கழிவை இலவசமாக அள்ளிக்கொண்டிருந்தன. நான் உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்த நேரத்தில் பித்தளை வால்வுகள், செம்புக் கம்பிச் சுருள், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கணவருடைய பெரிய வைஸ் எல்லாம் "குப்பை" ஆகி வேனில் ஏறிவிட்டன. வால்வும் கம்பியும் போனது போனதுதான். வைஸ் மட்டும் ஆகஸ்டில் மேடவாக்கம் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்த கிரில்களுக்கு அடியில் கிடந்தது. பக்கவாட்டில் என் கணவர் அரத்தால் கீறி வைத்த முதலெழுத்து இருந்ததால் அடையாளம் தெரிந்தது. கடைக்காரரிடம் கதை எதுவும் சொல்லவில்லை. தராசில் ஏற்றினார். பதினான்கு கிலோ, கிலோ அறுபது ரூபாய், 840 கொடுங்கள் என்றார். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.