கேம் இசையை மாற்றுதல்: கோப்பைத் தொடுவதா, தொடாமல் மேலே ஏற்றுவதா?

பின்னணி இசையை மாற்ற நினைப்பவர்கள் முதலில் பாட்டைத் தேடுகிறார்கள். ஆனால் கேம் தன் இசையை எங்கே, எந்த வடிவில் வைத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். கேம் நிறுவப்பட்ட போல்டரைத் திறந்து பாருங்கள். எம்பி3, ஓஜிஜி கோப்புகள் வெளிப்படையாகக் கிடந்தால் வேலை பாதி முடிந்தது. 'பேங்க்' என்று முடியும் கோப்புகள் இருந்தால் அது எஃப்மாட் என்ற கேம் ஒலி மென்பொருள். 'பிஎன்கே', 'வெம்' என்று முடிந்தால் வைஸ் என்ற இன்னொரு ஒலி மென்பொருள். பெயரில் 'டேட்டா' என்று முடியும் போல்டரும், அதற்குள் 'அசெட்ஸ்', 'ரிசோர்ஸ்' கோப்புகளும் இருந்தால் யூனிட்டி என்ற கேம் இன்ஜின். எந்த வழி சரிப்படும் என்பதை இந்த ஒரு பார்வையே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

நேரடியாகக் கோப்பை மாற்றுதல்

பழைய கேம்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. 2002-இல் வந்த மாரோவிண்டில் 'டேட்டா ஃபைல்ஸ்' போல்டருக்குள் 'மியூசிக்', அதற்குள் 'எக்ஸ்ப்ளோர்', 'பேட்டில்' என்று போல்டர்கள் இருக்கும். அவற்றில் எந்த எம்பி3-ஐப் போட்டாலும், பெயர் என்னவாக இருந்தாலும், கேம் தற்செயல் வரிசையில் எடுத்து இசைக்கும். தொடக்கத் திரையின் இசைக்கு மட்டும் 'ஸ்பெஷல்' போல்டரில் அசல் பெயர் மாறாமல் இருக்க வேண்டும். 1996-இல் வந்த க்வேக்கில் இசை சிடி டிராக்குகளாக இருந்தது. இன்று க்வேக்ஸ்பாஸ்ம் (க்வேக்கைப் புதிய கணினிகளில் ஓட்டும் நிரல்) மூலம் ஆடுபவர்கள் 'ஐடி1' போல்டருக்குள் 'மியூசிக்' என்று ஒன்றை உருவாக்கி, 'ட்ராக்02' முதல் 'ட்ராக்11' வரை பெயரிட்ட ஓஜிஜி கோப்புகளை வைத்தால் போதும். எண் 02-இல் தொடங்குவதற்குக் காரணம், சிடியின் முதல் டிராக்கில் கேமின் தரவு இருந்ததுதான்.

இங்கே நடக்கும் முதல் தவறு, எம்பி3-இன் பின்னொட்டை மட்டும் ஓஜிஜி என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. கேம் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். விளைவு மௌனம், அல்லது கிராஷ். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தியில் திறந்து, ஓஜிஜி வோர்பிஸாக (ஓஜிஜி என்பது உறை, வோர்பிஸ் அதற்குள் உள்ள ஒலியின் சுருக்க முறை), 44,100 ஹெர்ட்ஸில், தரம் 5 அல்லது 6 வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். ஓஜிஜி பின்னொட்டு உள்ள கோப்புக்குள் வோர்பிஸுக்குப் பதில் ஓப்பஸ் என்ற வேறு சுருக்க முறை இருப்பதும் உண்டு. வோர்பிஸை மட்டும் அறிந்த கேம் அதை இசைக்காது. கோப்பின் உள்விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

இரண்டாவது தவறு லூப்பில், அதாவது பாட்டு முடிந்ததும் மீண்டும் சுழலும் இடத்தில். எம்பி3 வடிவம் தொடக்கத்தில் சிறு வெற்றிடத்தைச் சேர்க்கும். எம்பி3-ஐ உருவாக்கும் லேம் என்கோடர் 576 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவீடு), அதைப் படிக்கும் டிகோடர் 529 சாம்பிள், ஆக 1,105 சாம்பிள். இது 44,100 ஹெர்ட்ஸில் சுமார் 25 மில்லிவினாடி. சும்மா கேட்கும்போது தெரியாது. தாளத்தோடு சுழலும் இசையில் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கும். ஓஜிஜியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆர்பிஜி மேக்கர் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளின் எம்வி, எம்இசட் பதிப்புகளில் செய்த கேம்களில் ஓஜிஜிக்குள்ளேயே 'லூப்ஸ்டார்ட்', 'லூப்லெங்த்' என்ற டேக்குகளை எழுதலாம். இரண்டும் வினாடியில் அல்ல, சாம்பிளில் எழுதப்பட வேண்டும். 12 வினாடி முன்னிசைக்குப் பின் 80 வினாடி சுழல வேண்டுமானால் 44,100 ஹெர்ட்ஸில் முறையே 5,29,200, 35,28,000 (டேக்கில் காற்புள்ளி இல்லாமல்). பிறகு யாராவது கோப்பை 48,000-க்கு மாற்றினால் இந்த எண்களையும் மாற்ற வேண்டும். அதை மறப்பதால்தான் பல மோட்களில் (ஆட்டக்காரர்கள் கேமுக்குச் செய்யும் மாற்றங்களில்) இசை தவறான இடத்தில் திரும்புகிறது.

இந்த வழியின் பெரிய குறை, அப்டேட் வந்தாலோ கோப்புச் சரிபார்ப்பை ஓட்டினாலோ அசல் கோப்பு திரும்ப வந்து உட்கார்ந்துவிடும் என்பது.

கேம் திறந்து வைத்த கதவு

அசல் கோப்பைத் தொடாமல் அதன் மேல் ஏற்றும் வசதி ஒரு கேமில் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் ரிசோர்ஸ் பேக் (கேமின் படங்களையும் ஒலிகளையும் மாற்றும் கோப்புத் தொகுப்பு) இதற்கு நல்ல உதாரணம். 'அசெட்ஸ்', 'மைன்கிராஃப்ட்', 'சவுண்ட்ஸ்', 'மியூசிக்' என்ற வரிசையில் போல்டர்களை அமைத்து, உள்ளே அசல் பெயரில் ஓஜிஜியை வைத்தால் மாற்றம் முடிந்தது. பேக்கை ஜிப் செய்யும்போது 'பேக்.எம்சிமெட்டா' கோப்பு ஜிப்பின் முதல் அடுக்கிலேயே இருக்க வேண்டும். வெளிப் போல்டரோடு சேர்த்துச் சுருக்கினால் கேம் அதை ஒரு பேக்காகவே எண்ணாது. புதுப் பாடல்களைச் சேர்க்க 'சவுண்ட்ஸ்.ஜேசன்' எழுதுபவர்கள் நீளமான இசைக்கு 'ஸ்ட்ரீம்' மதிப்பை 'ட்ரூ' என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழுப் பாட்டும் நினைவகத்தில் ஏறும், அந்த நொடியில் கேம் தடுமாறும்.

"பேக் போட்டேன், பாட்டு வரவில்லை" என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் பேக் அல்ல. சர்வைவல் ஆட்டத்தில் வழக்கமான அமைப்பில் இரு பாடல்களுக்கு நடுவே 10 முதல் 20 நிமிட இடைவெளி உண்டு. மெனு இசையை மாற்றிச் சோதியுங்கள், அது அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். திருத்தியதை மறுபடி ஏற்ற எஃப்3-யும் T எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

ஸ்டார்டியூ வேலியில் இந்தக் கதவு 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பில் அகலமாகத் திறந்தது. அதற்கு முன் கேமின் 'வேவ் பேங்க்' கோப்பையே மாற்றிய மோட்கள் பல. இப்போது கன்டென்ட் பேட்சர் என்ற மோட் வழியாக 'டேட்டா/ஆடியோசேஞ்சஸ்' பட்டியலில் அசல் இசையின் அடையாளப் பெயரையும் புதிய ஓஜிஜியின் பாதையையும் எழுதினால் போதும். வகை 'மியூசிக்' என்று இருக்கட்டும். வேறு வகை கொடுத்தால் அமைப்புகளில் உள்ள இசை ஸ்லைடர் அந்தப் பாட்டைக் கட்டுப்படுத்தாது.

வைஸ், எஃப்மாட்: பேக்கைப் பிரித்து மீண்டும் கட்டுதல்

பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இது. ஓஜிஜியின் பின்னொட்டை 'வெம்' என்று மாற்றினால் ஓடாது, ஏனென்றால் வைஸ் வோர்பிஸின் தலைப்பகுதியைச் சுருக்கித் தன் முறையில் வைக்கிறது. கேம் பயன்படுத்திய வைஸ் பதிப்பையோ அதற்கு மிக நெருக்கமானதையோ நிறுவி, வேவ் கோப்பை இறக்குமதி செய்து, வோர்பிஸாக மாற்ற வேண்டும். முடிந்த 'வெம்' கோப்பு புராஜெக்ட்டின் 'கேஷ்' போல்டருக்குள் கிடைக்கும். அதற்கு அசல் எண்ணையே பெயராக வைக்க வேண்டும். எந்த எண் எந்தப் பாட்டு என்று அறிய கேம் ஒலி வடிவங்களைப் படிக்கும் விஜிஎம்ஸ்ட்ரீம் செருகியை ஃபூபார்2000 பிளேயரில் சேர்த்து ஒவ்வொன்றாகக் கேட்பதுதான் வழி. கேட்கும்போதே நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நீளம்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. ஒரு இசைத்துண்டு எத்தனை மில்லிவினாடி, எங்கே நுழைய வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்ற கணக்கு 'வெம்'முக்குள் இல்லை, 'பிஎன்கே'க்குள் இருக்கிறது. உங்கள் பாட்டு நீளமானால் நடுவில் வெட்டப்படும், குட்டையானால் மிச்ச நேரம் மௌனம். 'பிஎன்கே'யில் உள்ள எண்ணைத் திருத்தலாம்தான். ஆனாலும் புதுப் பாட்டை அசலின் நீளத்துக்கே வெட்டிக்கொள்வது நூறு மடங்கு நிம்மதி. பாட்டு தொடங்கும்போது அசல் இசை ஒரு கணம் ஒலித்துவிட்டுப் பிறகு புதியது வந்தால், முன்கூட்டியே ஏற்றும் தொடக்கத் துண்டு 'பிஎன்கே'க்குள் பழையதாகவே இருக்கிறது என்று பொருள். அதையும் மாற்ற வேண்டும்.

இன்னொரு பொறி அடுக்கு இசை. சண்டை மூளும்போது தாள வாத்தியம் சேர்வதும் ஓய்ந்ததும் விலகுவதும் தனித்தனிக் கோப்புகளாக ஒரே நேரத்தில் ஓடும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு பாட்டுகள் மோதும். மற்ற அடுக்குகளை அதே நீள மௌனக் கோப்புகளால் நிரப்புங்கள்.

எஃப்மாட்டில் பேங்க்கைப் பிரித்து வேவ்களை எடுத்து மறுபடி கட்டும் கருவிகள் உண்டு. எண்ணிக்கை, வரிசை, பெயர் மூன்றும் மாறக் கூடாது. மோட் லோடர் (மோட்களை ஏற்றும் நிரல்) இருக்கும் கேமில் இந்தச் சிரமமே வேண்டாம். செலஸ்ட் கேமுக்கான மோட் லோடரான எவரெஸ்ட், நீங்கள் எஃப்மாட் ஸ்டுடியோவில் புதிதாகக் கட்டிய பேங்க்கையும் அதன் ஜியுஐடி (அடையாள எண்) பட்டியலையும் ஏற்றுக்கொள்ளும். ஸ்டுடியோ 1.10 வரிசையில் கட்டியதாக இருக்க வேண்டும், 2-ஆம் வரிசையில் கட்டியது ஓடாது.

ஓடும்போதே மாற்றுதல்

யூனிட்டி கேம்களில் அசெட் கோப்பைப் பிரித்து ஒலியைத் திணிப்பதைவிட பெப்பின்எக்ஸ் (யூனிட்டி கேம்களுக்கான மோட் லோடர்) செருகி நிலைத்து நிற்கும். அதை கேமின் இயங்கு கோப்பு இருக்கும் இடத்தில் விரித்து, ஒருமுறை கேமை ஓட்டினால் 'பிளகின்ஸ்' போல்டர் உருவாகும். 'கேம்அசெம்ப்ளி' என்ற டிஎல்எல் இருந்தால் அது ஐஎல்2சிபிபி கேம் (யூனிட்டி நிரலை இயக்கும் இரு முறைகளில் ஒன்று, மற்றது மோனோ), அதற்கு பெப்பின்எக்ஸ் 6 வேண்டும். மோனோ கேமுக்கு 5 போதும். கேமின் நிரலை ஓடும்போதே மாற்றும் ஹார்மனி மூலம், ஒலியை இசைக்கும் 'ஆடியோசோர்ஸ்'இன் 'ப்ளே'யை இடைமறித்து, ஓடப்போகும் கிளிப்பின் பெயர் பார்த்து மாற்றுவது வழக்கம். இதில் பலர் தவறவிடுவது, 'ப்ளே ஆன் அவேக்' (காட்சி ஏறியதும் தானே ஒலிக்கும் அமைப்பு) வைத்த இசை 'ப்ளே' வழியாக வராது என்பதை. காட்சி ஏறியதும் எல்லா ஆடியோசோர்ஸ்களையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஓஜிஜிகளை கேம் தொடங்கும்போதே ஏற்றி வையுங்கள், தேவைப்படும் நொடியில் ஏற்றினால் தாமதம் வரும். நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பது இதன் விலை. பதிலுக்கு, கிளிப் பெயர் மாறாத வரை சிறு அப்டேட்கள் பெரும்பாலும் இதைக் குலைப்பதில்லை.

எந்த வழியானாலும் ஒலியளவு

வெளியான பாடல்கள் பொதுவாக கேம் இசையைவிடச் சத்தமாக மாஸ்டர் செய்யப்பட்டவை. அப்படியே போட்டால் வசனமும் காலடிச் சத்தமும் அமுங்கிப்போகும். அசல் இசையின் லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவை முதலில் அளந்து, புதியதை ஆடாசிட்டியின் ஒலியுரப்புச் சமன்படுத்தலில் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். காதால் மட்டும் ஒப்பிடாதீர்கள், சத்தமானது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

மோடைப் பகிர்வதானால் பிறர் பாடல்களை உள்ளே வைக்காதீர்கள். கோப்புப் பெயர்களையும் நீளங்களையும் கொண்ட வெறும் சட்டகத்தைக் கொடுத்து, பாட்டை அவரவர் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள பல்லாட்டக்காரர் கேம்களில் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். கோப்பு மாறியதை அது கவனித்தால் இசைக்கும் ஏமாற்று நிரலுக்கும் வேறுபாடு பார்க்காமல் கணக்கை முடக்கக்கூடும். அங்கே கேமின் இசை ஸ்லைடரைப் பூஜ்யமாக்கிவிட்டு, வெளியே ஒரு பிளேயரில் பாட்டை ஓட விடுங்கள். சண்டை மூளும்போது பாட்டு மாறாது என்பது குறைதான், ஆனால் கணக்கு பத்திரமாக இருக்கும்.